பள்ளிக்கூடமும் பட்டறையும்

மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி என்று ஒரு பிரிவு இருப்பதை நேயர்கள் அறிவீர்கள். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்தபோது, விஞ்ஞானப் பிரிவு, வணிகப் பிரிவு ஆகியவற்றோடு இதுவும் பிறந்தது. மின்பொறியியல், எந்திரப் பொறியியல், செவிலியம், வேளாண்மை, ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை எனப் பல துறைகள் இதில் உண்டு. ஆயினும் இப்பிரிவில் பிள்ளையைச் சேர்த்த ஒரு தந்தையைக் காரணம் கேட்டுப் பாருங்கள். "மார்க்கு குறைந்துவிட்டது, வேறு பிரிவு கிடைக்கவில்லை" என்ற விடைதான் பெரும்பாலும் வரும். கையால் செய்து கற்கும் கல்வி ஏன் கடைசிப் புகலிடம் ஆயிற்று? அதற்குரிய மதிப்பை மீட்கும் வழி என்ன? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தொழிற்கல்வி செம்மையாக நடக்க இரண்டு வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, அரசாங்கம் வகுக்கும் நியதிகள். மற்றொன்று, அந்தந்த ஊரின் தொழிலை அறிந்தவர்கள் கூடியிருக்கும் ஆலோசனைக் குழு. முன்னது ஓரளவு நம்மிடம் உண்டு. பின்னது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது.

இது புதிய சிந்தனை அன்று. 1952-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் இடைநிலைக் கல்விக்காக ஒரு கமிஷனை நியமித்தது. அதற்குத் தலைமை வகித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். தொழிற்பள்ளிகள் தொழிற்சாலைகளுக்கு அருகிலேயே அமைய வேண்டும், அவற்றோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்று அக்கமிஷன் 1953-இல் கூறியது. மாணவருக்குச் செய்முறைப் பயிற்சி தருவதைத் தொழில் நிலையங்களுக்குச் சட்டப்படி கடமையாக்க வேண்டும் என்றும், இக்கல்விக்கென ஒரு தீர்வை விதிக்கலாம் என்றும் பரிந்துரைத்தது. பிறகு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களில் பாதிப்பேர் தொழில் சார்ந்த கல்வி பெற வேண்டும் என்று சொன்னது. 1978-இல் மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய்ந்த தேசியக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் டாக்டர் மால்கம் ஆதிசேஷய்யா. அடையாற்றிலுள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்த அதே பெருமகனார். நம் சென்னையைச் சேர்ந்த இரு அறிஞர்கள் நாடு முழுவதற்கும் இந்த வழியைக் காட்டினார்கள் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

வழி காட்டியாயிற்று, நடை எப்படி? 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் நூற்றுக்குப் பத்துப் பேரையும், 1995-க்குள் இருபத்தைந்து பேரையும் இப்பிரிவுக்குக் கொணர வேண்டும் என்றது. 1992-இல் அதைத் திருத்தியபோது, அந்தப் பத்தை 1995-க்கும், இருபத்தைந்தை 2000-க்கும் தள்ளி வைத்தார்கள். குறித்த நாளில் எட்டாத இலக்கை நாள் தள்ளிக் குறிப்பது நமக்குப் பழகிப்போன காரியம். 1988-இல் மத்திய அரசாங்கம் கொண்டுவந்த திட்டத்தில், மாவட்டந்தோறும் எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று கணக்கெடுப்பதற்கும் இடம் இருந்தது. ஆனால் கணக்கு ஒருமுறை எடுத்து வைத்துவிடுவது அன்று. ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது.

நான் குடியிருக்கும் பெருங்குடியையே எடுத்துக்கொள்வோம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய இவ்வூரில் ஒரு தொழிற்பேட்டை உண்டு. கடைசல் பட்டறைகளும் வார்ப்புப் பொருள்களைச் செப்பனிடும் கூடங்களுமே ஒரு காலத்தில் இப்பகுதியின் முகமாக இருந்தன. 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. அதன்பின் சாலையின் இருமருங்கிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. தனிப் பேரூராட்சியாயிருந்த பெருங்குடி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பட்டறைகள் அறவே ஒழிந்துவிடவில்லை. ஆனால் அவற்றைச் சுற்றிப் புதிய வேலைகள் முளைத்தன. அந்த உயர்ந்த கட்டடங்களில் மின்தூக்கி நிற்காமல் ஓட வேண்டும். குளிர்சாதனம் பழுதின்றி இயங்க வேண்டும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உடனே எழ வேண்டும். பெருங்குடியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் இருக்கிறது. அங்கே பம்புகளைக் காக்கவும் நீரைச் சோதிக்கவும் கை தேர்ந்தவர்கள் தேவை. ஒரே சாலையில் இருபது ஆண்டுகளுக்குள் தொழிலின் முகம் இப்படி மாறியது. மாநிலம் முழுவதற்குமாக எழுதப்படும் ஒரு பாடநூல் இம்மாற்றத்தைத் தெருத்தெருவாக அறிந்து சொல்ல முடியுமா?

எந்திரப் பொறியியல் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் பணிபுரிந்த பள்ளி ஒன்றில் பழைய லேத் ஒன்றே இருந்தது. முப்பது பிள்ளைகள் முறைவைத்து அதில் பழகினார்கள். பட்டறைகளிலோ கணிப்பொறியின் கட்டளைப்படி இயங்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. அத்தகைய எந்திரம் இல்லாமல் நம் பிள்ளைகளை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று நாங்கள் ஏங்கியிருந்தோம். ஒரு நாள் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்தும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "சார், எந்திரத்தை ஓட்ட மூன்று மாதத்தில் நான் பழக்கிவிடுவேன். வரைபடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், மைக்ராமீட்டரில் பிழையில்லாமல் அளவு பார்க்கவும் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள், அது போதும்" என்றார். விலையுயர்ந்த எந்திரத்தைக் கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு, சில நூறு ரூபாய்க் கருவிகளால் ஆகக்கூடிய காரியத்தை அவர் ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிட்டார். ஆலோசனைக் குழுவின் பயன் இதுதான். எது வேண்டும் என்பதைப் போலவே எது வேண்டாம் என்பதையும் அது சொல்லும்.

பிற நாடுகள் இதைச் சட்டமாகவே செய்திருக்கின்றன. ஜெர்மனியின் 1969-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சிச் சட்டத்தின் வழியில், அங்குள்ள தொழில் வணிகச் சபைகளில் பயிற்சிக் குழுக்கள் இயங்குகின்றன. அக்குழுவில் முதலாளிகள் சார்பில் ஆறு பேர், தொழிலாளர் சார்பில் ஆறு பேர், ஆசிரியர்கள் ஆறு பேர். எண்ணிக்கையைக் கவனியுங்கள்: முதலாளிக்கு எத்தனை இடமோ தொழிலாளிக்கும் அத்தனை. அமெரிக்காவில் 1917-இல் தொடங்கிய தொழிற்கல்விச் சட்டங்களின் வரிசையில் 2018-இல் ஒன்று வந்தது. மத்திய நிதியைப் பெறும் பள்ளி நிருவாகங்கள், இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஊரின் தேவையை ஆராய வேண்டும், அப்போது ஆசிரியர், பெற்றோர், மாணவர், தொழில் நடத்துவோர் ஆகியோரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று அது விதித்தது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நம் நாட்டின் ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களில் 1,396 அரசு நிலையங்களை மேம்படுத்த 2007-இல் ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தொழில் துறையைச் சேர்ந்த ஒருவர் தலைமையில் நிருவாகக் குழு அமைத்து, இரண்டரைக் கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடனும் அளித்தார்கள். ஐ.டி.ஐ.க்குப் பொருந்தும் முறை மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவுக்கு ஏன் பொருந்தாது?

பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. வகுப்பு நடக்கிறதா, குடிநீர் வருகிறதா என்று அவர்கள் கேட்பார்கள். ஆனால் எந்தக் கருவி வழக்கொழிந்தது, எந்தத் திறமைக்குச் சம்பளம் கூடியது என்பதை அத்தொழிலில் இருப்பவரே சொல்ல முடியும்.

அப்படியானால் அரசாங்கத்தின் நியதிகள் எதற்கு? எல்லாவற்றையும் ஊராரிடமே விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அதில் ஓர் ஆபத்து உண்டு. பட்டறைக்காரருக்கு இன்று வேண்டிய ஆள் கிடைத்தால் போதும். பிள்ளைக்கோ நாற்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. மொழியும் கணிதமும் இத்தனை மணி நேரம் கற்பிக்க வேண்டும், ஆசிரியருக்கு இன்ன தகுதி வேண்டும், பட்டறையில் இன்ன பாதுகாப்பு வேண்டும், மேற்படிப்புக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்றெல்லாம் காப்பது அரசாங்கத்தின் கடமை. தொழிற்பிரிவில் தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற விதி அத்தகைய கதவுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட எச்சரிக்கையும் உண்டு. 1953-இல் தொடக்கப் பள்ளிகளுக்காக வந்த அரைநாள் கல்வித் திட்டம், பிள்ளைகளைத் தந்தையின் தொழிலிலேயே நிறுத்திவிடும் என்ற அச்சத்தால் பெரும் எதிர்ப்புக்கு உள்ளாகி, 1954-இல் கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது. கைத்தொழில் கற்பது பிறப்பின் விதியாக ஆகிவிடக் கூடாது. அது பிள்ளையின் விருப்பமாக இருக்க வேண்டும். ஆகவேதான் ஆலோசனைக் குழுவில் முதலாளிமார் மட்டும் அமர்ந்தால் போதாது என்கிறேன். தொழிலாளி ஒருவர், பெற்றோர் ஒருவர், அப்பிரிவில் படித்துத் தேறிய பழைய மாணவர் ஒருவர், மாணவி ஒருவர், ஆசிரியர் ஆகியோரும் இருக்க வேண்டும்.

குழுவின் வேலை என்ன? ஆண்டுக்கு இருமுறை கூடட்டும். ஒரு கூட்டமாவது பள்ளியின் பட்டறைக்குள்ளேயே நடக்கட்டும். கருவிகள் இயங்குகின்றனவா, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் உள்ளனவா, ஆசிரியர் விடுமுறையில் சில நாளேனும் தொழிற்சாலையில் பழகி வந்தாரா, சென்ற ஆண்டு தேறியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும். இந்தக் கடைசிக் கேள்வியை நம் பள்ளிகளில் எவரும் கேட்பதில்லை. பார்த்ததையும் சொன்னதையும் எழுதி வைத்து, அடுத்த கூட்டத்தில் முதலில் அதையே படிக்கட்டும். இல்லையேல் அது கையெழுத்துப் போடும் குழுவாகிவிடும்.

வாய்ப்புக்குக் குறைவில்லை. அப்ரண்டிஸ் என்று நாம் வழங்கும் தொழிற்பழகுநருக்கான 1961-ஆம் ஆண்டுச் சட்டம், 1986-இல் திருத்தப்பட்டு மேல்நிலைத் தொழிற்பிரிவில் தேறியவர்களையும் சேர்த்துக்கொண்டது. தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருப்பது தரமணியில். பெருங்குடிக்கு அடுத்த ஊர். பள்ளி ஒருபுறம், பட்டறை ஒருபுறம், வாரியம் ஒருபுறம். மூன்றையும் ஒரு மேசையில் அமர்த்த ஆள்தான் வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பட்டறை நடத்துகிறவர்கள் இருப்பீர்கள். மருத்துவமனையில், அலுவலகத்தில், பராமரிப்புப் பணியில் இருக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியரை இந்தக் கல்வியாண்டிலேயே ஒருமுறை சென்று காணுங்கள். ஒரு சனிக்கிழமை முற்பகலைத் தருகிறேன், பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்று பார்க்கலாமா என்று கேளுங்கள். அரசாங்கத்தின் ஆணை வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை.