கடனீரேரியின் கரை எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடனீரேரிகள் ஆழங் குறைந்தவை. மாரியிற் பரந்து கோடையிற் சுருங்குவன. ஆதலின் செய்மதிப் படத்தில் அவற்றின் கரையை வரைதல் எளிதன்று.

நீரானது பச்சையொளியை ஓரளவு தெறிக்கச் செய்யும். அண்மைச் செங்கீழ்க் கதிரைப் பெரிதும் உறிஞ்சும். இவ்விரு தெறிப்புக்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் நீர்ச்சுட்டியை மக்ஃபீற்றேர்ஸ் 1996இல் வெளியிட்டார். சுட்டி 0இன் மேற்படின் நீர். அன்றேல் நிலம் என்பது விதி.

ஆயினும் தொண்டைமானாறு போன்ற கடனீரேரிகளில் கலங்கிய நீரின் சுட்டி 0இன் கீழே தாழலாம். ஈரச் சேற்றின் சுட்டியோ 0ஐ அணுகலாம். அன்றியும், 10 மீற்றர் சதுரமான படக்கட்டமொன்றினுள் நீரும் சேறும் கலந்தே கிடக்கும். எல்லைப் பெறுமானத்தை உயர்த்தினால் நீர் நிலமாகும். தாழ்த்தினால் சேறு நீராகும்.

இப்பிழை சிறிதன்று. சேற்றை நீரெனக் கொள்ளின், உவர்நீர் வயலை அணுகியதென வீண் அச்சம் எழும். நீரை நிலமெனக் கொள்ளின், மெய்யாகவே அணுகும் உவர் கண்ணுக்குப் புலப்படாது.

1979இல் ஓட்சு வகுத்த முறையாற் கணினியே பெறுமானத்தைத் தெரிதல் கூடும். எனினும் நீரும் நிலமும் தெளிவாகப் பிரிந்துள்ளவிடத்தே அது செம்மையுறும். எனவே, பருவந்தோறும் கரையை நேரிற் சென்று அளந்து, அவ்வளவையோடு ஒப்புநோக்கியே பெறுமானத்தைத் திருத்துதல் வேண்டும். எண் வழிகாட்டும், கரையைக் காட்டுவது களமே.