புறாமலை எமது இளைஞர்களிடம் வேண்டி நிற்பது

பாடசாலை விடுமுறை ஆரம்பமானதும் நிலாவெளிக் கடற்கரையில் பஸ் வண்டிகள் வந்து நிற்பது வழமையான காட்சியாகும். அவற்றில் வந்திறங்கும் இளைஞர், யுவதிகள் பலர் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைக்குப் படகேறுகின்றனர். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இத்தீவைச் சூழவுள்ள முருகைக்கற்பாறைகளே அதன் பெருஞ்செல்வமாகும். 2009 இல் யுத்தம் முடிவுற்றதன் பின்னர் அங்கு செல்வோரின் தொகை வெகுவாக அதிகரித்தது.

முருகைக்கல் வெறும் கல்லன்று. நுண்ணிய உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டியெழுப்பும் உயிருள்ள உறைவிடம் அது. அதன் திணிவான வகைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்கின்றன. ஆழமற்ற நீரில் அதன் மீது ஏறி நின்று புகைப்படம் எடுப்பவர், பல ஆண்டுகால வளர்ச்சியை ஒரு கணத்தில் முறித்துவிடுகின்றார். மீன்கள் பெருகுவதும் கரையைத் தாக்கும் அலையின் வேகம் தணிவதும் இப்பாறைகளாலேயே என்பதால், இழப்பு மீனவக் குடும்பங்களையும் சென்றடைகின்றது.

ஹிக்கடுவை எமக்கொரு பாடமாகும். படகுகளாலும் மனிதக் காலடிகளாலும் ஏற்கனவே நலிவுற்றிருந்த அங்குள்ள முருகைக்கற்கள், 1998 இல் கடல்நீர் வெப்பமடைந்தபோது பெருமளவில் வெளிறி மடிந்தன.

சூழலைப் பேணி, பிரதேச மக்களின் வாழ்வாதாரத்தையும் பண்பாட்டையும் மதித்து நடத்தப்படுவதே நிலைபேறான சுற்றுலாவாகும். எமது மாணவர்கள் சூழல் பாதுகாப்பைப் பாடசாலையில் கற்கின்றனர். பரீட்சையில் அதுபற்றி எழுதவும் செய்கின்றனர். எனினும், கடற்கரையில் பிளாஸ்டிக் போத்தலை வீசிவிட்டுச் செல்வோரிலும் அவர்கள் உள்ளனர். கற்றது பழக்கமாக மாறாமையே இங்குள்ள குறைபாடாகும்.

மறுபுறம், நிலாவெளி முதல் அறுகம்குடா வரை கரையோரத் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் பலர் சுற்றுலாவை வெளியாரின் வர்த்தகமாகவே நோக்குகின்றனர். வருவாயிலும் தீர்மானங்களிலும் பங்கில்லாதவரிடம் பாதுகாக்கும் பொறுப்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. கலாசாரச் சீர்கேடு குறித்துப் பெரியோர் கொண்டுள்ள அச்சத்தையும் அலட்சியம் செய்தலாகாது. ஊரவர் சொல்லுக்கு மதிப்பிருக்கும் இடத்தில்தான் அந்த அச்சம் நீங்கும்.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்நியச் செலாவணிக்காக நாடு பயணிகளின் தொகையையே பெரிதும் எண்ணிக் கொண்டிருக்கின்றது. 2024 இல் அத்தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. ஆனால், எத்தனை பேர் வந்தனர் என்பதுடன், அவர்கள் எதனை விட்டுச் சென்றனர் என்பதும் கணக்கில் எடுக்கப்பட வேண்டும்.

படகேறும் முன்னர் ஐந்து நிமிட விளக்கம், பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களின் வழிகாட்டல், ஒரே வேளையில் தீவுக்குச் செல்வோர் தொகைக்குக் கண்டிப்பான வரையறை ஆகியன பெருஞ்செலவை வேண்டுவனவல்ல. சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் இப்பொறுப்பில் பங்கேற்க வேண்டும். கடலை நம்பி வாழும் இரு சமூகங்களினதும் பிள்ளைகளே அதன் முதற் காவலர்களாக முடியும். அதற்கான வாய்ப்பை அவர்களுக்கு வழங்குவது அதிகாரிகளினதும் எம் அனைவரினதும் கடமையாகும்.