மலையக இல்லங்களிற் கைத்தொலைபேசி

தொலைபேசி என்னும் சாதனம் நம் மலைநாட்டிலே நெடுங்காலம் துரையின் பங்களாவிலும் தோட்டத்துக் காரியாலயத்திலும் தபாற் கந்தோரிலும் மாத்திரமே காணப்பட்டது. லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர்க்குத் தூரத்துச் செய்தி தந்தியாக வந்தது. தந்திச் சேவகரைக் கண்ட மாத்திரத்தே, உறையைப் பிரிக்குமுன்னரே, வீட்டார் அழத் தொடங்கிவிடுவர். இன்றோ மடுல்கெல்லைப் பகுதியில் ஸ்மார்ட்போன் எனப்படும் திறன்மிகு கைத்தொலைபேசி ஒன்றேனும் இல்லாத வீட்டைக் காண்டல் அரிது. அவற்றுட் பல, இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர்களாகிய நீங்கள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்துத் தாய் தந்தையர்க்கும் தம்பி தங்கையர்க்கும் வாங்கி அனுப்பியவையாகும்.

அன்புடன் அனுப்பிய அப்பொருள் வீட்டிலே என்ன தொழில் செய்கின்றது என்று யாம் சில இல்லங்களில் உற்று நோக்கியதுண்டு. பேசுதல் ஒன்று, படம் பார்த்தல் மற்றொன்று. எஞ்சிய ஆற்றல் யாவும் உறங்குகின்றன. அவற்றை எழுப்புதற்கு மேலும் ஒரு சதமும் செலவிட வேண்டியதில்லை. தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ ஊர் வரும் நீங்கள், பலகாரம் உண்ட பின்னர் ஓர் அரைமணி நேரம் அத்தொலைபேசியைக் கையிலெடுத்து அமர்ந்தாற் போதும். அவ்வரைமணியில் யாது செய்யலாம் என்பதையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இப்பொருள் பற்றி நகரத்தவர் எழுதும் குறிப்புக்கள் எந்நேரமும் அலை உண்டு, மின்சாரம் உண்டு, டேட்டாவுக்குப் பணம் உண்டு என்னும் நினைவோடு எழுதப்படுபவை. நம்மூரில் நிலைமை வேறு. வத்துகாமத்தைக் கடந்து, பன்விலை வழியே மேலேற ஏற, ஒரு மலைமுகட்டில் நிறைந்திருக்கும் சிக்னல் அடுத்த பள்ளத்தில் அடியோடு மறைகின்றது. ஆகவே, அலை அற்ற வேளையிலும் எது உதவும் என்பதையே யாம் அளவுகோலாகக் கொண்டோம்.

முதற்கண் மின்கலம். “புதிய போன்தான், ஆனாற் சார்ஜ் நிற்கவில்லை” என்பது தோட்டங்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. குற்றம் பெரும்பாலும் தொலைபேசியினுடையதன்று, மலையினுடையது. கைத்தொலைபேசி ஒரு சிறு வானொலி நிலையம் போன்றது. கோபுரம் அண்மையில் இருந்தால் மெல்லப் பேசும். சேய்மையில் இருந்தாலோ மலை மறைத்தாலோ தன் அலையின் வலுவைப் பன்மடங்கு கூட்டி உரக்கக் கூவும். கோபுரமே கிட்டாவிடின் தேடிக்கொண்டேயிருக்கும். அக்கூவலிலும் தேடலிலுமே மின்கலம் வற்றுகின்றது. எனவே, அலை இல்லாத பள்ளத்து மலையில் நாள் முழுதும் கொழுந்தெடுக்கும் தாயார், ‘விமானப் பயன்முறை’ என்னும் பொத்தானை அழுத்தி வைத்து, உச்சிக்கு வந்தபின் விடுவித்தால் மாலைவரை மின்னேற்றம் நிற்கும். இரவில் உறங்கும்போதும் இதைச் செய்வார் உளர். அடைமழைக் காலத்து இரவில் மாத்திரம் அதைச் செய்யலாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மின்கலத்தை முற்றாக வற்றவிட்டுத்தான் மீள ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் மின்கலங்களின் காலத்து வழக்கம். இப்போதுள்ளவை லிதியம் அயன் மின்கலங்கள். 1991ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்த இவற்றை ஆக்கிய மூவர்க்கு 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இவற்றுக்குப் பகை வெப்பமும், முற்றாக வற்றுதலும், நூறு வீதம் நிறைந்த நிலையில் நெடுநேரம் கிடத்தலுமாம். ஏறக்குறைய 20 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையே வைத்திருந்தால் நீண்ட காலம் உழைக்கும். குளிர்நாட்டில் வெப்பம் ஏது என்பீர்களாயின், எத்தனை வீடுகளில் அடுப்பருகே உள்ள செருகியிலேயே தொலைபேசி தொங்குகின்றது என்பதைப் பாருங்கள்! தலையணையின் கீழ் வைத்து மின்னேற்றுதல் அதனினும் தீது.

அடுத்து, அவசர வேளை. அழைப்புப் பிடிக்காத இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும். அழைப்புக்கு அலை அறாது நிற்கவேண்டும். குறுஞ்செய்திக்கோ ஒரு கணம் அலை கிடைத்தாற் போதும். இதிலே தமிழ் எழுதுவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடங்கள். தமிழிலோ 70 மட்டுமே. அதிலும் ‘நலம்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் நான்கு இடத்தைக் கொள்ளும். மகர மெய்யின் புள்ளிக்குத் தனியிடம் உண்டு. உயிர்மெய்யின் கொம்பும் காலும் அவ்வாறே. நன்னூலார் வகுத்த எழுத்துக் கணக்கு வேறு, பொறியின் கணக்கு வேறு! ஆபத்து வேளையிற் செய்தியைச் சுருங்க எழுதுதல் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே இருக்கின்றோம் என்பதைச் சொல்லவும் டேட்டா வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியார். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திலே பூமியைச் சுற்றும் ஜீபிஎஸ் செயற்கைக் கோள்கள் இடையறாது நேரத்தைக் கூறி அலை பரப்புகின்றன. தொலைபேசி அவற்றுட் குறைந்தது நான்கின் அலையைக் கேட்டுத் தன் இடத்தைத் தானே கணக்கிடுகின்றது. அது கேட்பதேயன்றிப் பேசுவதன்று. வானம் தெரியும் இடத்தில் நின்று சற்றுப் பொறுத்தாற் போதும். கண்டியில் நல்ல அலை உள்ள இடத்தில் இருக்கும்போதே கூகுள் வரைபடத்தில் நம் பகுதியின் படத்தை இறக்கிச் சேமித்து வையுங்கள். பின்னர் நக்கிள்ஸ் மலையடிவாரத்து மூடுபனியில் வழி தவறினாலும் படம் வழிகாட்டும். திரையில் தாம் நிற்கும் இடத்தை நெடிது அழுத்தினால் 7 என்றும் 80 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள் தோன்றும். அவ்விரண்டையும் குறுஞ்செய்தியில் அனுப்பினால், தேடி வருவோர்க்கு “ஆலமரத்துக்கு மேலே, பழைய ஸ்டோருக்குக் கீழே” என்னும் அடையாளத்தினும் தெளிவாயிருக்கும். 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவை, 119 என்னும் பொலிஸ் சேவை, 117 என்னும் இடர் முகாமைத்துவ நிலையம் ஆகிய மூன்று இலக்கங்களையும் முகப்புத் திரையிலேயே பதிந்து வைத்தல் நன்று.

மழை இரவைப் பற்றிக் கூறுவோம் என்றோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதைந்ததை மலைநாட்டார் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் தாக்கியபோது நம் கண்டி மாவட்டமே மிகக் கூடிய உயிர்ச்சேதம் கண்ட இடங்களுள் ஒன்றாயிற்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக மூன்று நிறங்களில் வெளியிடுகின்றது: மஞ்சள், விழிப்பாயிருக்க, செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாக, சிவப்பு, உடனே வெளியேற. இச்செய்தி உரிய நேரத்தில் வீட்டை அடைவதற்கு அத்தொலைபேசி விழித்திருத்தல் வேண்டும். மழை தொடங்கும்போதே அதை நிறைய மின்னேற்றி, திரையின் ஒளியைக் குறைத்து, ‘பேட்டரி சேமிப்பு’ முறையில் வைக்கச் சொல்லுங்கள். டித்வாப் புயலின்போது பல இடங்களில் மின்சாரம் அற்றுக் கோபுரங்களும் வாய்மூடின. அத்தகைய வேளைக்கு, பல தொலைபேசிகளில் எஃப்எம் வானொலி உண்டு. காதுக்கருவியின் கம்பியைச் செருகினால் அக்கம்பியே அலைவாங்கியாகி, டேட்டா இன்றியே செய்தி கேட்கலாம். புதிதாக வாங்குவோர் இவ்வசதி உண்டா எனக் கேட்டு வாங்குக.

மண்சரிவோ லயத்துத் தீயோ உயிரை விட்டுச் சென்றாலும் பத்திரங்களைக் கொண்டுபோய்விடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு, ஊழியர் சேமலாப நிதி அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கிளினிக் புத்தகம் ஆகிய ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்திற் படமெடுத்து, ஒரு பிரதி தொலைபேசியிலும் மற்றொரு பிரதி தொலைவிலுள்ள உங்களிடமுமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் மூலப் பத்திரத்துக்கு ஈடாகாதுதான். ஆயினும், சான்றிதழின் இலக்கமும் திகதியும் கையிலிருந்தாற் புதிய பிரதி பெறுவது எளிது. அவை இன்றி அலைந்தவர்களின் துயரத்தை எம் பாடசாலை அனுமதிக் காலந்தோறும் காண்கின்றோம்.

இனிக் கல்வி. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெருந்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வட்ஸ்அப் வழியே வந்தன. அலையைத் தேடி மாணவர் குன்றேறிப் பாறைமேல் அமர்ந்து படித்த படங்கள் ஊவாவிலிருந்து வெளிவந்து உலகப் பத்திரிகைகளிலும் இடம்பெற்றன. அப்பிள்ளைகளின் ஊக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் அன்றாடம் மலையேறி ஒவ்வொரு பக்கமாக இறக்குவதினும், ஒருநாள் முழுவதையும் இறக்கி வைத்தல் சாலச் சிறந்தது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களை முழுமையாக இணையத்தில் இலவசமாய்த் தருகின்றது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும், இம்மலர் போன்ற பாடசாலை மலர்களுங்கூடப் பெருந்தொகையாக உள. நீங்கள் கண்டியிலிருந்து வரும்போதே தங்கையின் வகுப்புக்குரிய நூல்களை இறக்கிக்கொண்டு வாருங்கள். வந்தபின் அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலுள்ள ‘குயிக் ஷெயார்’ என்னும் வசதியால் ஒரு தொலைபேசியிலிருந்து மற்றொன்றுக்கு, டேட்டா சிறிதுமின்றி, அருகிலிருந்தே அனுப்பலாம். ஒரு லயத்தில் ஒரு மாணவனிடம் நூல் இருந்தால் அடுத்த காம்பராப் பிள்ளைகள் அனைவரிடமும் இருத்தல் கூடும். முன்னாளில் ஒரே புத்தகத்தைச் சுற்றிப் பலர் இருந்து படித்தோம். அதே ஒற்றுமை, இடநெருக்கடி மட்டுமில்லை.

இவற்றுக்கு இடம் வேண்டுமே என்பீர்கள். இடத்தைக் கொள்வன பெரும்பாலும் காலை வணக்கப் படங்களே. பூங்கொத்தும் தேநீர்க் கோப்பையும் தாங்கி நாள்தோறும் வரும் அவை, தாமே இறங்கி டேட்டாவையும் தின்று இடத்தையும் அடைக்கின்றன. வட்ஸ்அப் அமைப்புகளிற் சென்று படங்களும் காணொளிகளும் தாமே இறங்குதலை நிறுத்திவிட்டால், வேண்டியதை மட்டும் தொட்டுப் பெறலாம். வணக்கம் குறைந்துவிட்டதென்று எவரும் வருந்தார்.

தமிழ் எழுதுதலைப் பற்றி உரைக்காது செல்லத் தமிழாசிரியராகிய எமக்கு மனம் இல்லை. நம் பழைய மாணவர்கள் ஆங்கில எழுத்திலே தமிழை எழுதி அனுப்ப, வீட்டிலுள்ள தங்கை அதை எழுத்துக்கூட்டிப் படித்துத் தாய்க்குச் சொல்லும் காட்சி சகிக்கத்தக்கதன்று. ஜீபோர்ட் போன்ற விசைப்பலகைகளில் தமிழை ஒருமுறை தெரிவுசெய்துவிட்டால் எந்நாளும் தமிழில் எழுதலாம். தமிழ்99 என்னும் முறை இடப்புறம் உயிரும் வலப்புறம் மெய்யுமாக அமைந்திருத்தலால், எழுத்திலக்கணம் அறிந்தவர்க்கு இரண்டு நாளிற் கைவரும். பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய கோப்புக்கள் தொலைபேசியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தோன்றுவது கண்டு அஞ்ச வேண்டா; ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாய் உள.

அலை உள்ள இடத்தில், ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசினால் பேச்சு எழுத்தாகும். இதனை யாம் வகுப்பிலே ஒரு விளையாட்டாகவும் கைக்கொண்டோம். ‘பழம்’ என்று மாணவன் தனித்து உச்சரிக்க, திரையிலே ‘பலம்’ என்று வந்தால் வகுப்பே நகைக்கும். அவன் நாவை மடித்து மறுபடியும் முயல்வான். ஆசிரியர் நூறுமுறை திருத்தியும் வராத ழகரம் இப்போட்டியினாற் சிலர்க்கு வந்தது. வாக்கியமாகச் சொன்னாற் பொறி முன்பின் நோக்கித் தானே திருத்திக்கொள்ளும். ஆதலின் தனிச்சொல்லே தேர்வுக்கு உகந்தது.

எழுதப் படிக்க அறியாத முதியோர்க்குக் குரற்செய்தியே தக்கது. அலை இல்லாத வேளையிலும் அவர்கள் பேசிப் பதிந்துவிடலாம். அலை கிடைத்ததும் வட்ஸ்அப் தானே அதை அனுப்பும். பெயர்ப் பட்டியலிலுள்ள ஒவ்வொருவர்க்கும் முகப்படம் சேர்த்து, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, பிள்ளைகளின் படங்களை முகப்பில் நிறுத்தினால், பேத்தியின் முகத்தைத் தொட்டாற் பேத்தி பேசுவாள் என்பது எவர்க்கும் விளங்கும்.

வங்கியிலிருந்து பேசுகின்றோம், பரிசு விழுந்தது என்றெல்லாம் வரும் அழைப்புக்களுக்கு வீட்டார் யாது விடை கூறவேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறிலக்க எண்ணைக் கேட்பவன் யாராயினும், சிங்களத்திற் கேட்டாலும் தமிழிற் கேட்டாலும், உறவினன் பெயர் சொல்லிக் கேட்டாலும், கொடுத்தலாகாது. அத்துடன், தொலைபேசியின் கூகுள் கணக்குப் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தொலைபேசி காணாமற் போனாலும் பழுதானாலும் சேமித்து வைத்தவற்றை மீட்க அது வேண்டும். ஒரு பிரதியை நீங்கள் கொண்டுசெல்க. மற்றதை வீட்டிலே பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியில் வைக்கலாம். தொலைபேசியின் உறைக்குள் மட்டும் மடித்து வைத்தல் வேண்டா.