குடியும் மனநோயும்: இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை

திட்டக்குடிப் பகுதியில் குடிப்பவரைத் திருந்தாதவர் என்று ஒதுக்குவதைக் காண்கிறோம். அவர்களில் சிலருக்கு இருமுனை மனநோய் இருக்கலாம்: சில வாரங்கள் உறக்கமற்ற, அளவுமீறிய உற்சாகம், பின்பு ஆழ்ந்த சோர்வு. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, இந்நோயின் கடுமையான வகை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் குடிப்பிரச்சினையும் உண்டு.

குடி உறக்கத்தைக் கெடுத்து நோயைக் கிளப்புகிறது. லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் குடித்து, வாந்தியெடுத்து, உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம்; உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பயந்து வீட்டாரே மாத்திரையை நிறுத்திவிட்டால் நோய் திரும்பும். குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 முதல் இயங்கும் 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். ஒதுக்காமல் அழைத்துச் செல்வோம். ஜெபத்தோடு மாத்திரையும் தொடரட்டும்.