குளத்தைச் சுற்றும் ஒட்டுண்ணி

தோட்டம், குளம், தொழுவம் ஆகிய மூன்றையும் இணைத்துப் பேணுவது வியட்நாம் உழவர்களின் வேளாண்முறையாகும். அந்நாட்டு மொழியில் இம்மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை ‘வி.ஏ.சி.’ முறை என்பர். தொழுவக் கழிவு குளத்திற்கு உரமாகிறது. குளத்துச் சேறு தோட்டத்தை வளமாக்குகிறது. எதுவும் வீணாகாத இச்சுழற்சியில் கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணிகளும் இடம்பெறுகின்றன.

மூன்று உயிர்களைச் சார்ந்த வாழ்வு

ஒட்டுண்ணிக்கு இடமும் உணவும் தரும் உயிரை ஓம்புயிரி என்பர். மீன்வழிப் பரவும் தட்டைப்புழுக்களுக்கு அடுத்தடுத்து மூன்று ஓம்புயிரிகள் தேவைப்படுகின்றன. கழிவுடன் நீரில் கலந்த புழுவின் முட்டையை நன்னீர் நத்தை உண்கிறது. நத்தையின் உடலில் ஒரு முட்டையிலிருந்து இளம்புழுக்கள் பல பெருகுகின்றன. அவை வெளியேறி நீந்திச் சென்று மீனின் உடலைத் துளைத்து, உள்ளே நுண்ணிய கூடுகளாகத் தங்குகின்றன. அம்மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்போரின் குடலில் கூட்டிலிருந்து புழு வெளிப்படுகிறது. சீனக் கல்லீரல் புழு பித்தநாளங்களை அடைந்து 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். இப்புழுவின் நெடுங்காலத் தொற்று பித்தநாளப் புற்றுநோயை உண்டாக்கும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009ஆம் ஆண்டு அறிவித்தது.

முட்டைகள் வந்த வழி

பிராசிகுவான்டெல் என்னும் மருந்து மனிதரின் உடலிலுள்ள புழுக்களை அழிக்கிறது. அவ்வாறாயின், மக்கள் அனைவருக்கும் மருந்து வழங்கினால் நோய் ஒழிந்துவிடுமா? வியட்நாமின் ங்கே ஆன் மாகாணத்தில் மீன் வளர்ப்போரிடம் தொற்று மிக அரிதாகவே காணப்பட்டது. எனினும், அவர்கள் வளர்த்த மீன்களில் அது மிகுதியாக இருந்தது. அம்முட்டைகள் மனிதரிடமிருந்து மட்டும் வந்திருக்க இயலாது.

செவ்வாற்றுக் கழிமுகத்தின் நாம் டின் பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. அங்குப் பூனை, நாய், பன்றி ஆகியவற்றின் எச்சத்தில் புழு முட்டைகள் காணப்பட்டன. பூனைகளிடையே தொற்று மிகுதி. மீனின் தலை, குடல், இறந்த சிறுமீன் ஆகியவற்றை மனிதர் பச்சையாக வீசியெறிய, அவ்விலங்குகள் அவற்றை உண்கின்றன. அவற்றின் எச்சத்தை மழைநீர் மீண்டும் குளத்தில் சேர்க்கிறது. ஆகவே, நோயைக் குளத்திற்குக் கொண்டுசேர்ப்பவை விலங்குகளாயினும் அதற்கு வழிவகுப்பது மனிதரின் செயலே ஆகும்.

சுழற்சியை அறுத்தல்

மீன்கழிவை வேகவைத்த பின்னரே விலங்குகளுக்கு இடுதல் வேண்டும். தொழுவக் கழிவை மட்கச் செய்யாமல் குளத்தில் இடலாகாது. கரையை உயர்த்தி மழைநீர் வழிந்துவருவதைத் தடுத்தலும், மீன்குஞ்சுகளை விடுமுன் சேற்றையும் நத்தைகளையும் அகற்றுதலும் இன்றியமையாதவை. நாற்றங்கால் குளங்களில் இத்தகைய முறைகளைக் கையாண்டபோது மீன்குஞ்சுகளில் தொற்று குறைந்தது. நன்கு வேகவைத்த மீனில் இப்புழுக்கள் உயிர்வாழ்வதில்லை.

மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலத்தை ஒன்றாகக் கருதும் அணுகுமுறையை ‘ஒரே நலம்’ என்பர். மருத்துவரும் கால்நடை மருத்துவரும் மீன் வளர்ப்போரும் இணைந்து செயற்படுவதன் தேவையை இச்சிறு புழு நமக்கு உணர்த்துகிறது.