தோட்டத்துக்குப் புறப்படும் குட்டிப் பாப்பா! இறக்கி விடுமுன் கிணறு எங்கேன்னு பாருங்க!

பாலக்கோடு,

விடுமுறை வந்தால் போதும். பெங்களூரிலும் சேலத்திலும் வேலை பார்க்கிறவர்கள் ரெயில் ஏறி பாலக்கோடு பக்கம் பாட்டி வீட்டுக்கு வந்து விடுகிறார்கள். மறுநாள் காலை, குடும்பமே தோட்டத்துக்குக் கிளம்புகிறது. அம்மா இடுப்பில் ஒன்றரை வயசுப் பாப்பா!

மாட்டைப் பார்த்து "ம்மா" என்கிறது. ஆட்டுக்குட்டி வாலைப் பிடிக்க ஓடுகிறது. டவுனில் வளரும் குழந்தைக்கு இதைவிடத் திருவிழா வேறு என்ன வேண்டும்?

சிவப்புப் பழம்

பாலக்கோடு தக்காளிக்குப் பேர் போன ஊர். குச்சி கட்டிய செடியில் பாப்பாவின் மூக்குக்கு நேரே பழம் தொங்கும். பறித்து வாயில் வைக்காமல் இருக்குமா? முந்தின நாள்தான் மருந்து அடித்திருப்பார்கள்! எப்போது அடித்தது என்று கேட்டு விட்டு அந்தப் பக்கம் போக வேண்டும். பழத்தைக் கழுவித்தான் கொடுக்க வேண்டும்.

மிச்ச மருந்தைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பாப்பாவுக்கு அது கலர்தான்! தப்பித் தவறிக் குடித்து விட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, அந்த பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும்.

சுவர் இல்லாத கிணறு

பெரிய ஆபத்து தண்ணீர்தான். பாறையை வெட்டித் தோண்டிய கிணறுகளில் பலவற்றுக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. புல் மூடிக் கிடந்தால் விளிம்பே தெரியாது. உலக அளவில் நீரில் மூழ்கிச் சாகிறவர்களில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகள் விகிதம்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாட்டுத் தண்ணீர்த் தொட்டியே போதும். சத்தம்கூட வராது.

நாலு நாள் போராட்டம்

2019 அக்டோபர் 25-ந் தேதியை மறக்க முடியுமா? மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் வீட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் விளையாடிய 2 வயதுக் குழந்தை, பயன்படாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாடே டி.வி. முன்னால் தவம் கிடந்தது. 29-ந் தேதி அதிகாலை உடல்தான் வெளியே வந்தது.

இத்தனைக்கும் சுப்ரீம் கோர்ட்டு 2010-லேயே உத்தரவு போட்டு விட்டது. போர் போடும்போது சுற்றி முள்வேலி வேண்டும். குழாயைச் சுற்றி சிமெண்ட் மேடை, வாயில் இரும்பு மூடி வேண்டும். கைவிட்ட குழியை அடியிலிருந்து தரை மட்டம் வரை நிரப்ப வேண்டும்.

யார் பார்த்துக்கிறது?

தோட்டத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். "பாப்பா உங்கிட்ட இருக்குன்னு நெனச்சேன்" என்று அத்தை சொல்வார். "நான் சித்திகிட்ட இருக்குன்னு நெனச்சேன்" என்பார் மாமா. அந்த இரண்டு நிமிஷம்தான் ஆபத்து!

ஒரு நேரத்தில் ஒரு ஆள். "இப்ப பாப்பா என் பொறுப்பு" என்று வாய் விட்டுச் சொல்ல வேண்டும். கை மாறும்போதும் சொல்லித்தான் மாற்ற வேண்டும். அந்த ஆள் கையில் செல்போன் கூடாது.

பாப்பாவுக்கு மாடு காட்ட இன்னும் எத்தனையோ லீவு வரும். திறந்து கிடக்கும் குழியை மூட இன்னிக்கு ஒரு பொழுது போதும்!