சூடானதும் நிற்கும் என்ஜின்: குற்றவாளி சூடா, நேரமா?

மாணவர்களே, இந்த வாரம் ஒரு புதிரை அவிழ்ப்போம். பாயான் லெப்பாசில் ஒரு வீட்டில் பழைய கார் ஒன்று இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையில் ஜார்ஜ்டவுனை நோக்கி ஒழுங்காக ஓடும். பதினைந்து நிமிடம் கழித்துச் சமிக்ஞை விளக்கில் நின்றால் என்ஜின் அணைந்துவிடும். உடனே ஸ்டார்ட் செய்தால் கிளம்பாது. அரை மணி நேரம் ஆறவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடும்.

இந்தக் கோளாறு மெக்கானிக்கையும் ஏமாற்றும். கார் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்து, முறை வரும்வரை காத்திருப்பதற்குள் என்ஜின் ஆறிவிடுகிறது. சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஊகம் தொடங்கும். முதலில் பிளக், அடுத்து காயில், அடுத்து பெட்ரோல் பம்பு என்று பாகங்களை மாற்றிக்கொண்டே போவார்கள். வீட்டுப் பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய கவலை பாதுகாப்பு. 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தின் நடுவில் என்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாலத்துக்கும் நம் நாட்டின் பழைய கார்களுக்கும் ஓர் உறவு உண்டு. முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-இல் அறிமுகமானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-இல் பாலத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் மகாதீர் முகமது, ஒரு சாகாவை ஓட்டியே பாலத்தைக் கடந்தார். அந்தக் காலச் சாகாவில் மிட்சுபிஷி நிறுவனத்தின் 1.3 லிட்டர் என்ஜின் இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கணினி கிடையாது, கார்பரேட்டர்தான். இத்தகைய கார்கள் சூடானதும் ஏன் நிற்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள உங்கள் பள்ளி இயற்பியலே போதும்.

என்ஜினுக்கு வேண்டியவை மூன்று

பெட்ரோல் என்ஜின் ஓட மூன்று தேவைகள் உள்ளன. முதலாவது, சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும். முழுமையாக எரிய 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். இரண்டாவது, சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி. மூன்றாவது, கலவையை நன்றாக அழுத்தும் சிலிண்டர்.

குளிர்ந்த நிலையில் ஓடும் என்ஜினுக்கு இந்த மூன்றும் கிடைக்கின்றன. சூடானதும் அவற்றுள் ஒன்று காணாமல் போகிறது. ஆகவே எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன்னால், சூடு ஏறும்போது எது மாறுகிறது என்று கேளுங்கள். காலையில் 25 பாகை செல்சியசில் இருந்த என்ஜின், ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் 80 முதல் 90 பாகையை எட்டுகிறது. இந்த ஏற்றத்தால் மாறக்கூடியவை சில மட்டுமே.

சூடு மாற்றும் நான்கு விஷயங்கள்

முதலில் சோக். பெட்ரோல் ஆவியாக இருந்தால்தான் எரியும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்ட, சோக் என்னும் தகடு காற்றின் வழியைக் குறுக்கிக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. சூடானதும் அந்தத் தகடு திறந்துகொள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் பெட்ரோல் மிகுந்து என்ஜின் மூச்சுத் திணறும். புகைக்குழாயில் கரும்புகை வரும்; பிளக்கின் முனையில் கரி படியும்.

இரண்டாவது, என்ஜின் மெதுவாகச் சுற்றும் வேகம். மெக்கானிக்குகள் இதை ஐட்லிங் என்பார்கள். குளிர்ந்திருக்கும்போது சோக்கோடு இணைந்த அமைப்பு என்ஜினைச் சற்று வேகமாகவே சுழல வைக்கும். சூடானதும் அந்த உதவி விலகும். அதன்பிறகு கார்பரேட்டரின் ஒரு மெல்லிய துளை வழியாக வரும் பெட்ரோலை மட்டுமே நம்பி என்ஜின் ஓட வேண்டும். அந்தத் துளையில் அழுக்கு அடைத்திருந்தால் இந்த நேரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி இருந்தால் ஓடும், காலை எடுத்தால் அணையும் என்பது இதன் அடையாளம்.

மூன்றாவது, தீப்பொறியைத் தரும் காயில். இதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு கூடும். 70 பாகை ஏறினால் சுமார் 27 விழுக்காடு கூடும். ஓமின் விதியைப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 3 ஓம் தடையுள்ள கம்பியில் 4 ஆம்பியர் ஓடும். தடை 3.8 ஓம் ஆனால் 3.16 ஆம்பியர்தான் ஓடும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது சுமார் 62 விழுக்காடாகக் குறையும். நல்ல காயில் இந்த இழப்பைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது. ஆனால் உள்ளே காப்புப் பூச்சு விரிசல் விட்டிருந்தாலோ, கம்பியின் இணைப்பு தளர்ந்திருந்தாலோ, சூட்டில் விரியும்போது தீப்பொறி முற்றாக நின்றுவிடும். ஆறிச் சுருங்கினால் இணைப்பு மறுபடியும் சேர்ந்துகொள்ளும்.

நான்காவது, பெட்ரோல் ஆவிக்குமிழி. பெட்ரோல் என்பது பல சேர்மங்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 35 பாகையை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். என்ஜினை ஒட்டியுள்ள பம்பும் குழாயும் அளவுமீறிச் சூடானால் உள்ளே குமிழிகள் உருவாகும். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட பம்பு, குமிழியை அழுத்தி அழுத்திப் பார்த்தும் பெட்ரோலை முன்னே நகர்த்த முடியாமல் திணறும்.

சூடா, நேரமா?

இந்தப் புதிரின் சுவையான இடம் இதுதான். என்ஜின் சூடாகப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் சூடு மட்டுமா ஏறியது? பெட்ரோலும் செலவாகியிருக்கிறது. தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென ஒரு சிறு காற்றுவழி உண்டு. அது அடைபட்டால் தொட்டிக்குள் பகுதி வெற்றிடம் உருவாகிப் பெட்ரோலைப் பின்னோக்கி இழுக்கும். என்ஜின் பட்டினியால் அணையும். அரை மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போனதும் கார் மறுபடியும் ஓடும். பார்ப்பவர்களோ, ஆறியதால்தான் ஓடுகிறது என்று நினைப்பார்கள்.

சூடும் நேரமும் சேர்ந்தே நடக்கும்போது எது காரணம் என்று எப்படிப் பிரிப்பது? அறிவியல் கூடத்தில் செய்வதைத்தான் இங்கும் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

முதல் சோதனை: காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, ஓட்டாமல் என்ஜினை மட்டும் ஓடவிடுவது. சூடு முழுமையாக ஏறும், பெட்ரோலோ சிறிதளவே செலவாகும். அப்போதும் அணைந்தால் சந்தேகம் சூட்டின் பக்கம் திரும்புகிறது.

இரண்டாவது சோதனை: வழக்கமான பாதையிலேயே ஓட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, தொட்டியின் மூடியைத் திறந்து மூடுவது. சூடு வழக்கம்போலவே ஏறும், வெற்றிடம் மட்டும் உருவாகாது. வழக்கமாக நிற்கும் இடத்தையும் தாண்டிக் கார் நிற்காமல் போனால், குற்றவாளி தொட்டியின் காற்றுவழி. இதற்குப் புதிய பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லை.

அணையும் விதமும் ஒரு சாட்சி

என்ஜின் எப்படி அணைகிறது என்பதையும் கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் கோளாறு இருக்கும். இருமி, தடுமாறி, உயிர்த்து, மறுபடி தடுமாறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம் இருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் காயிலின் கம்பியில் ஒரு மின்னொளி விளக்கைக் கவ்வ வைத்துவிட்டுக் காத்திருப்பார். தீப்பொறி பாயும் ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு மின்னும். என்ஜின் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே மின்னல் நின்றுவிட்டால், முதலில் இறந்தது தீப்பொறி. கடைசிச் சுற்றுவரை மின்னிக்கொண்டே இருந்தால், தீப்பொறிமீது குற்றமில்லை.

கோளாறு சூட்டில்தான் வருகிறது என்றால் சோதனையும் சூட்டில்தான் நடக்க வேண்டும். குளிர்ந்த காயிலை அளந்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. காயிலையோ, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னைட்டர் என்னும் சிறு மின்னணுப் பெட்டியையோ கழற்றி, பெட்ரோல் இல்லாத இடத்தில் மேசைமேல் வைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடேற்றிச் சோதிப்பார்கள்.

பாயான் லெப்பாஸ்காரர்களுக்கு இது புதிதல்ல. 1972-இல் இங்கே தடையற்ற வாணிப வட்டாரம் உருவானது. அதே ஆண்டு இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கே அமைத்தது. உங்கள் அம்மாவோ மாமாவோ சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்தால் கேட்டுப் பாருங்கள். சில்லுகளை நூறு பாகைக்கும் மேலான சூட்டில் மணிக்கணக்கில் இயக்கிச் சோதிக்கும் முறை அத்துறையில் உண்டு. பலவீனமான சில்லு வாடிக்கையாளரின் கையில் அல்லாமல் தொழிற்சாலையிலேயே பழுதாகட்டும் என்பதே நோக்கம். காயிலைச் சூடேற்றிப் பார்க்கும் மெக்கானிக்கும், சில்லைச் சூடேற்றும் தொழில்நுட்பரும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள்.

கணினி உள்ள கார்களில்

கார்பரேட்டர் இல்லாத பிந்தைய கார்களில் சோக்கின் வேலையைக் கணினி செய்கிறது. அதற்கு என்ஜினின் வெப்பநிலையைச் சொல்வது தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரி. செம்புக்கு நேர்மாறாக, இதன் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். உணரி பழுதாகி, என்ஜின் குளிராகவே இருக்கிறது என்று பொய் சொன்னால், கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சிக்கிய சோக் செய்த அதே தவற்றை இப்போது கணினி செய்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். மின்னணுப் பொருள் கடையில் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் மலிவாகக் கிடைக்கும். அதன் கால்களில் நீர் படாமல் உறையிட்டு, மல்டிமீட்டரில் இணையுங்கள். குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், சூடான நீர் என மாற்றி மாற்றி வைத்து, வெப்பநிலையையும் தடையையும் வரைபடமாக வரையுங்கள். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டுவது, 50 பாகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். உங்கள் வரைபடம் நேர்கோடாக வருகிறதா, வளைகோடாகவா? நல்ல உணரியில் கோடு சீராக இறங்கும். இடையில் திடீரென்று குதித்தால், அந்த இடத்தில்தான் பழுது.

கவனம்

காயிலில் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் உருவாகும். பெட்ரோல் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே என்ஜினில் கைவைக்கும் வேலை பெரியவர்களுக்கும் மெக்கானிக்குக்கும் உரியது. மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிடக் கூடாது. மணமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். ஓடும்போது என்ஜின் அணைந்தால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்கு மட்டுமே எஞ்சியிருக்கும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக மிதித்து, அபாய விளக்கைப் போட்டு, ஓரமாக நிறுத்த வேண்டும். கார் நிற்கும்வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

உங்கள் பங்கு கவனித்து எழுதுவது. காரில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஒவ்வொரு முறை அணையும்போதும் இவற்றைக் குறியுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடம் ஆனது? வெப்பமானியின் முள் எங்கே இருந்தது? நின்றுகொண்டிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா? சட்டென்று நின்றதா, தடுமாறி நின்றதா? தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? மீண்டும் கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது? இப்படி ஐந்தாறு முறை எழுதிய தாளை மெக்கானிக்கிடம் கொடுத்தால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால் எதைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.